அணைக்கும்போது மின்னியது

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு விடுமுறை நாளில், கல்கத்தா சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் என் தம்பிக்கு ஒரு பவர் சப்ளை வாங்கி வந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிறவர்கள் மேசைமேல் வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டி. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கிக்கொண்டு, நாம் குமிழைத் திருப்பிய அளவுக்கு ஐந்து வோல்ட்டோ பன்னிரண்டு வோல்ட்டோ கொடுக்கும். எனக்கு அதைப் பற்றி வேறொன்றும் தெரியாது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஃபைல் நகர்த்துகிற வேலை எனக்கு. டாக்டர் சொன்னதால் வாங்கினேன்.

தம்பி பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது விடுதியிலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. போய் அழைத்து வந்தார். வகுப்புக்குப் போகாமல் அறையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தானாம். பக்கத்து அறைப் பையன்கள் சுவர் வழியாகத் தன் யோசனைகளைக் கேட்கிறார்கள் என்று சுவர் முழுக்க ஈரத்துணி ஒட்டி வைத்திருந்தானாம். வந்த புதிதில் எங்களோடும் பேசவில்லை. பிறகு காளிகாட்டில் மாலை வேளைகளில் சேம்பர் வைத்திருந்த ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவன் காதில் கேட்டுக்கொண்டிருந்த குரல்கள் அடங்கின. அவனும் சேர்ந்து அடங்கிப்போனான். காலையில் எழுந்து பல் தேய்க்க வைப்பதே அம்மாவுக்குப் பெரிய வேலை.

"இவருக்கு முன்பு என்ன பிடிக்கும்?" என்று டாக்டர் கேட்டார்.

பள்ளிக்கூட நாட்களில் அவன் ரேடியோ செய்வான். எங்கள் பாடாவின், அதாவது பேட்டையின், துர்கா பூஜைப் பந்தலுக்கு ஓடும் விளக்குகள் செய்து கொடுத்திருக்கிறான். அதைச் சொன்னேன்.

"அப்படியானால் கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்யட்டும். மனம் பின்னால் வரும், வராமலும் போகலாம். முயற்சி செய்து பாருங்கள்."

அவனுடைய பழைய சாமான்களைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து வைத்தேன். சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், டப்பா டப்பாவாக ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லுகள். பவர் சப்ளை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் பேட்டரிக்குப் பதிலாக மாட்டும் எலிமினேட்டரை வைத்தே சமாளித்திருக்கிறான். அதைத்தான் வாங்கப் போனேன்.

கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று பம்பாயில் செய்தது, தூக்கவே முடியாத கனம். அது நமக்கு எட்டாது என்று அவர் முகமே சொன்னது. இன்னொன்று இங்கேயே ஹவுரா பக்கம் எங்கோ செய்தது. சாம்பல் நிறத் தகரப் பெட்டி, முகப்பில் இரண்டு முள் மீட்டர்கள், கறுப்புக் குமிழ்கள், கீழே சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள். குமிழைத் திருப்பிக் காட்டினார். முள் அழகாக ஏறியது. "தேக்குன் தீதி, ஃபர்ஸ்ட் க்ளாஸ்!" பாருங்கள் அக்கா என்றார். மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு காளிகாட் வரை வந்து, ஆட்டோ பிடித்து பெஹாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

தம்பி அன்று அதைத் தொடவில்லை. அம்மா மேசையைத் துடைத்து அதன் மேல் வைத்தாள். மறுநாள் நான் குளித்துவிட்டு வரும்போது அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டிரான்ஸ்ஃபார்மர் சின்னது," என்றான்.

பல மாதங்களுக்குப் பிறகு அவனாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. அடுப்படியில் இருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

அதன் பிறகு அவன் அந்தப் பெட்டியைப் பரிசோதிக்க ஆரம்பித்தான். எதையும் செய்வதற்கு முன்னால் இதை நம்பலாமா என்று தெரிய வேண்டும் என்றான். முதலில் தன் மல்டிமீட்டரை முனைகளில் வைத்துப் பார்த்தான். பெட்டியின் முள் ஐந்து என்றது; மல்டிமீட்டர் ஐந்தரைக்கு மேல் சொன்னது. எது சரி என்று தெரிந்துகொள்ளப் புது பேட்டரி வாங்கி வரச் சொன்னான். மல்டிமீட்டர்தான் சரி. பிறகு காரின் ஹெட்லைட் பல்பு ஒன்று கேட்டான். பெஹாலா சௌரஸ்தா பக்கம் ஒரு மோட்டார் பார்ட்ஸ் கடையில் வாங்கினேன். அதை மாட்டியதும் முள் சரிந்தது. இரண்டு ஆம்பியர் தரும் என்று முகப்பில் அச்சடித்திருந்தது. ஒன்றைத் தாண்டியதும் தள்ளாடியது. ஸ்பீக்கர் ஒன்றை இணைத்து என் காதில் வைத்தான். தேனீக்கூட்டம் மாதிரி உறுமியது.

"இப்படி இரைச்சல் இருந்தா ரேடியோ செய்ய முடியாது. மத்ததுக்குப் பரவால்ல."

"அப்போ திருப்பிக் கொடுத்திரவா?"

"வேண்டாம். விலைக்குத் தக்கன இருக்கு. எதுல பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுட்டா வச்சு வேலை செஞ்சுக்கலாம்."

அந்த நாட்களில் நான் அலுவலகத்திலிருந்து ஓடி வருவேன். இன்றைக்கு என்ன கண்டுபிடித்தான் என்று கேட்பதற்காகவே. அவன் பேச்சு மெதுவாகத்தான் வரும். மாத்திரையால் நாக்கு தடிப்பு, கையில் நடுக்கம். ஆனாலும் சொல்வான். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் ஓய்வுபெற இன்னும் இரண்டொரு வருடம் இருந்தது. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, படிக்காமல், நாங்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருப்பார்.

பிறகு அந்த விளக்கு விஷயம் வந்தது.

சின்னச் சிவப்பு எல்.இ.டி. ஒன்றை ஏதோ பாகத்தோடு சேர்த்து முனைகளில் மாட்டியிருந்தான். ஏழு வோல்ட்டைத் தாண்டினால்தான் அது எரியும் என்றான். பெட்டியை ஐந்தில் வைத்திருந்தான். ஆகவே அது எரியவே கூடாது. எரியவும் இல்லை.

"இப்போ பாரு," என்று சுவர் சுவிட்சை அணைத்தான். "பாத்தியா?"

"என்னது?"

"அணைக்கும்போது மின்னுது."

மறுபடி போட்டு மறுபடி அணைத்தான். நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தினோம். மதிய வெயில் பலகை இடுக்கில் கோடாக விழுந்துகொண்டிருந்தது. ஒருமுறை ஏதோ சிவப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பார்த்தேனா, பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதைப் பார்த்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

"தெரியலையே தம்பி."

"ஐ.சி. எல்லாம் ஏழுக்கு மேல போனா செத்துரும். வேலையை முடிச்சு அணைக்கிற ஒவ்வொரு தடவையும் அடி வாங்கும். இது பெரிய தப்பு. இதை வச்சுக்க முடியாது."

அம்மாவைக் கூப்பிட்டான். அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஒண்ணும் மின்னலியே லே," என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவன் பார்த்துவிட்டான். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான்.

ஒவ்வொரு முறை சேம்பருக்குப் போகும்போதும் டாக்டர் எங்களிடம் தனியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மற்றவர்களுக்குத் தெரியாதது ஏதாவது இவருக்குத் தெரிகிறதா? இத்தனை நாள் இல்லை என்று சொல்லி வந்தோம்.

நான் பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் மீட்டரை வைத்தார். ஐந்தில் திருப்பி, போட்டு, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினார். முள் ஏறியது, இறங்கியது. துள்ளவில்லை. "பாஞ்ச் மானே பாஞ்ச், தீதி," ஐந்து என்றால் ஐந்துதான் என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொரு பெட்டியை மாற்றிக் கொடுத்தார். தம்பி அதையும் மாட்டிப் பார்த்தான்.

"இதுவும் மின்னுது."

"கடைக்காரர் மீட்டர்ல ஒண்ணும் காட்டல தம்பி."

"முள் எப்படிக் காட்டும்? அது எந்திரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிருமே." பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்: "கீழ்வீட்டு தாதாகிட்ட கொடு. அவர் லேப்ல ஸ்கோப் இருக்கு, வோல்ட்டேஜ் துள்ளுறதைக் கோடாப் போட்டுக் காட்டும். அதுல தெரியும். தெரியலன்னா எனக்குத்தான் கோளாறுன்னு நான் ஒத்துக்கிடுதேன்."

தாதா என்றால் இங்கே அண்ணன். கீழ்வீட்டு தாதா ஒரு பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்டாக இருந்தார். தம்பி அரை டிராயர் போட்ட நாளிலிருந்து தெரியும் அவருக்கு. சனிக்கிழமை வரச் சொன்னார். பெட்டியை ஒரு லேக் மார்க்கெட் மளிகைக் கடைப் பையில் போட்டு, அந்த எல்.இ.டி.யையும் எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மின்ன வேண்டும், மின்ன வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பழுதான பொருளாக இருக்க வேண்டும் என்று வேறு யாராவது வேண்டியிருப்பார்களா தெரியாது.

லேப்பில் பெஞ்சுகள் காலியாக இருந்தன. தாதா ஆசிலாஸ்கோப்பைப் போட்டார். கறுப்புக் கண்ணாடியில் பச்சைப் புள்ளி ஒன்று இடமிருந்து வலமாகக் கோடிழுத்துக்கொண்டு ஊர்ந்தது. பெட்டியை ஐந்தில் வைத்ததும் கோடு கொஞ்சம் மேலே ஏறி நேராகப் போனது.

"அணைக்கட்டுமா?" என்று கேட்டார்.

"அணையுங்கள்."

கோடு சடாரென்று கண்ணாடியின் மேல் விளிம்புக்குத் துள்ளியது. பிறகுதான் கீழே சரிந்து அணைந்தது. அந்தப் பச்சைத் தடம் கண்ணாடியில் சிறிது நேரம் அப்படியே நின்றது.

"ஆரே பாப்ரே!" என்றார் தாதா. "பதினைந்துக்கு மேல் போகிறது! உன் தம்பி கண்ணால் பார்த்தா கண்டுபிடித்தான்?"

நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். பவர் சப்ளை கெட்டிருந்ததற்கு ஒரு பெண் ஏன் இப்படி அழுகிறாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தம்பி லேசாகச் சிரித்தான். "நான்தான் சொன்னேன்லா," என்று மட்டும் சொன்னான். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்பாதான் மாறிப்போனார். அவருக்கு முதலிலிருந்தே மாத்திரை பிடிக்கவில்லை. தன் மகனுக்கு இப்படியொரு நோய் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஊரிலிருந்து யாராவது கேட்டால் காமாலை என்பார். சேம்பருக்கு அவனைக் கூட்டிப்போவதும் நான்தான். திங்கட்கிழமை நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் என்னிடம் வந்தார்.

"ஏட்டி, அவன் சொன்னது சரியாப் போச்சுல்லா? மெஷினே சொல்லிட்டுல்லா? கடைக்காரனுக்குத் தெரியல, நம்ம மூணு பேருக்குத் தெரியல, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மூளை கெட்டவன் கண்டுபிடிப்பானா இதை?"

"அது வேற, இது வேறப்பா."

"என்ன வேற? அவன் பாத்ததையே நாம பொய்ன்னுட்டோம். காலேஜ்ல அவன் சொன்னதையும் யாராவது சரியா விசாரிச்சாங்களா? பக்கத்து ரூம்காரன் என்னவும் செஞ்சிருக்கலாம்லா?"

எது எப்படி இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொன்னேன். அம்மாவும், "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க," என்றாள். நான் சேம்பருக்குத் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டியில் இருக்கிற கோளாறும் உண்மை. இவருக்கு இருக்கிற நோயும் உண்மை. ஒன்று உண்மையாக இருப்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது. மாத்திரை சாப்பிடுவதால்தான் இவரால் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடிந்தது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்."

சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான். தம்பிக்கும் மாத்திரை வேண்டாம் என்றுதான் இருந்தது. "கை நடுங்குது பாரு அக்கா. சால்டர் வைக்க முடியல. எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது," என்றான். அதுவும் நிஜம். அயர்ன் நுனியை ஓரிடத்தில் நிறுத்த அவன் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு குளியலறையில் துப்பினான் என்று பின்னால் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போதே தெரியும்.

அடுத்து வந்த சில வாரங்களைப் போல எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. நடுக்கம் நின்றது. முகத்திலிருந்த வீக்கம் வடிந்தது. தம்பி காலையில் தானாக எழுந்து ஷேவ் செய்துகொண்டான். பெட்டியின் உள்ளே இருந்த சர்க்யூட்டை ஒவ்வொரு பாகமாகத் தொடர்ந்து போய், கோளாறு எங்கே என்று பிடித்துவிட்டான். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான்.

"உள்ள ஒரு காவல்காரன் இருக்கான். வோல்ட்டேஜ் ஏறாம பாத்துக்கிறது அவன் வேலை. அணைச்சதும் அவனுக்குச் சாப்பாடு முதல்ல நின்னுருது. அவன் தூங்கிருதான். ஆனா குடோன்ல சரக்கு மிச்சம் இருக்கு. எல்லாம் ஒரே நேரத்துல வெளிய பாயுது."

"என்ன செய்யப் போற?"

"காவல்காரன் தூங்கும்போது கதவைச் சாத்துற மாதிரி இன்னொரு ஆளைப் போடணும். ஒரு டிரான்சிஸ்டர் போதும்."

செய்தான். கீழ்வீட்டு தாதா வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். பாடாவின் பூஜை கமிட்டிச் செயலாளர் மாடியேறி வந்து, இந்த வருடம் பந்தல் விளக்குகளை நீதான் செய்ய வேண்டும் என்று தம்பியிடம் வங்காளத்தில் கேட்டார். இவனும் வங்காளத்திலேயே பதில் சொன்னான். அப்பா அன்றைக்கு ரசகுல்லா வாங்கி வந்து கீழ்வீட்டுக்கும் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். டாக்டர் சொன்னது தப்பாக இருக்கலாம், டாக்டர்களும் மனிதர்கள்தானே என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. தம்பி இருட்டில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் மின்னுது," என்றான்.

"நீதான் சரி பண்ணிட்டியே?"

"பண்ணினேன். ஆனா மின்னுது. அணைக்காமலே மின்னுது இப்போ."

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விளக்கு செத்துக்கிடந்தது. அவன் "இந்தா, இந்தா," என்று விரலால் மேசையில் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டலில் ஒரு ஒழுங்கு இருந்தது. எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.

போன தடவை நம்பாமல் இருந்தோமே என்று இந்த முறை நான் எதுவும் மறுத்துச் சொல்லவில்லை. மறுபடி பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு லேப்புக்குப் போனேன். அதே பெஞ்சு, அதே பச்சைக் கோடு. தாதா அணைத்தார். கோடு சாய்ந்து இறங்கி அடியில் படுத்தது. மறுபடி போட்டு அணைத்தார். வெவ்வேறு அளவில் வைத்து அணைத்தார். எங்கேயும் துள்ளவில்லை.

"சுத்தமாக இருக்கிறது. பம்பாய் பெட்டியில்கூட இப்படி வராது. உன் தம்பி அற்புதமாகச் சரிசெய்திருக்கிறான்," என்றார் சந்தோஷமாக. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

அன்று பஸ்ஸில் ஏறவில்லை. நெடுந்தூரம் நடந்தே வந்தேன். வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் உள்ளதையே சொன்னேன்.

தம்பி கோபப்படவில்லை. நான்தான் ஏமாந்துவிட்டேன் என்பதுபோல இரக்கத்தோடு பார்த்தான்.

"லேப்ல மெஷினை மாத்திட்டாங்க அக்கா. முதல் தடவை அவங்க எதிர்பார்க்கல. இப்போ தயாரா இருந்திருக்காங்க."

அப்பா கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆனாலும், "தாதாவுக்குச் சரியாப் பாக்கத் தெரியலியோ என்னமோ," என்றார். சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

அன்றைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கப் பார்த்தோம். அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மா தயிர்சோற்றில் கலந்து வைத்தாள். கண்டுபிடித்து, அதோடு அம்மா கையால் சாப்பிடுவதையே நிறுத்தினான். கட்டடத்துக்கு வரும் கரண்டிலேயே அந்த மின்னல் வருகிறது, அதில் தன்னைப் பற்றிய செய்தி போகிறது என்றான். வீட்டு ஃப்யூஸ்களைப் பிடுங்கி வைத்தான். ஒரு பிற்பகல், நான் அலுவலகத்தில் இருந்த நேரம், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பலகைக்குப் போயிருக்கிறான். மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார அம்மாள் பார்த்து அலறியிருக்கிறாள். லீவு போட்டு வீட்டில் இருந்த அப்பா ஓடிப்போய் அவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் ஷாக் அடித்து இரண்டு பேரும் விழுந்தார்கள். அவனுக்கு உள்ளங்கை கருகியது. அப்பாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. கீழ்வீட்டு தாதாவும் பூஜை கமிட்டிப் பையன்களும் சேர்ந்து தம்பியை டாக்ஸியில் ஏற்றினார்கள். அவன் அவர்களிடம், "உங்களுக்காகத்தான் செய்தேன், உங்களுக்காகத்தான்," என்று வங்காளத்தில் கெஞ்சிக்கொண்டே போனானாம்.

மருத்துவமனையில் நெடுநாள் வைத்திருந்தார்கள். முதலில் என்னைப் பார்க்க மறுத்தான். பிறகு ஊசி வேலை செய்ய ஆரம்பித்தது. பழைய வீக்கம், பழைய நடுக்கம் எல்லாம் திரும்பின. ஒரு நாள் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"அக்கா, முதல்ல மின்னினது நிஜம்தானே?"

"நிஜம். நானே ஸ்கோப்புல பார்த்தேன்."

"ரெண்டாவது?"

நான் ஆரஞ்சுச் சுளையின் நாரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டாவது இல்ல தம்பி."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு," என்றான். குரலில் அழுகையோ பயமோ இல்லை. ஹெட்லைட் பல்பை மாட்டிவிட்டு முள் எவ்வளவு சரிந்தது என்று சொன்னானே, அந்தக் குரல்தான். "கொஞ்சமாவது வித்தியாசம் இருந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்."

அதற்குப் பிறகு அவன் எதையும் செய்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாமான்களையெல்லாம் அவனே எடுத்துப் போகச் சொன்னான். கீழ்வீட்டு தாதா பவர் சப்ளையைத் தன் லேப்புக்கு எடுத்துப் போனார். பையன்கள் அதை வைத்து வேலை செய்கிறார்கள், ஒரு ஐ.சி.கூடப் போகவில்லை என்று அவர் ஒரு முறை அப்பாவிடம் சொன்னார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த வருடம் பந்தல் விளக்குகளுக்கு வெளியிலிருந்து ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அப்பாவின் மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. ஓய்வுபெற்ற பிறகு திருநெல்வேலிக்குப் போய்விடலாம் என்ற பேச்சு இருந்தது. அங்கே போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று அவரே கைவிட்டார். மாத்திரை நேரம் வந்தால் இடது கையில் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு அவர்தான் முதலில் எழுந்து வருவார். தம்பி விழுங்கும்வரை நிற்பார். வாயைத் திறந்து காட்டச் சொல்வார். இதைத் தவிர அவர்களுக்குள் பேச்சு ஏதும் இருக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கடுத்து.

எனக்கு வந்த வரன்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்; சொன்னோம்; போனார்கள். மேலிடத்தில் சொல்லிப் பார்த்து மாற்றல் வராமல் வைத்துக்கொண்டேன். பழைய டாக்டர் சேம்பருக்கு வருவதை நிறுத்தியதும் வேறொரு டாக்டர், பிறகு ஓர் இளம் பெண் டாக்டர். ஒவ்வொருவரும் புதிதாக வந்த மாத்திரை ஒன்றை எழுதிப் பார்த்தார்கள். ஒன்றில் நடுக்கம் குறைந்து தூக்கம் கூடியது. இன்னொன்றில் உடம்பு ஊதியது. எதிலும் அவன் திரும்பி வரவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று எந்த டாக்டர் கேட்டாலும், "பாலோ ஆச்சி," நன்றாக இருக்கிறேன் என்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மற்றதைச் சொல்வேன்.

காளிகாட்டில் டாக்டரைப் பார்த்துவிட்டு லேக் மார்க்கெட்டுக்கு நடந்து போவது எங்களுக்கு வழக்கம். அங்கே ஒரு நம்மூர் ஹோட்டலில் தோசை சாப்பிடுவோம். போன தடவை போயிருந்தபோது தம்பிக்குக் கை ரொம்ப நடுங்கியது. முன்னெல்லாம் அவனாகப் பிய்த்துச் சாப்பிட்டுவிடுவான். அன்று சாம்பார் கிண்ணம் கவிழ்ந்து சட்டையெல்லாம் ஆனது. பக்கத்து மேசையில் ஒரு கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாகப் பார்வையை விலக்கிக்கொண்டாள். நான் தோசையைச் சின்னத் துண்டுகளாகப் பிய்த்து அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டான். நரை விழுந்த தலை குனிந்திருந்தது. எனக்கும் இந்த வருடம் மூட்டுவலி ஆரம்பித்திருக்கிறது. எனக்குப் பிறகு இதைப் பிய்த்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

"இன்னொரு தோசை சொல்லட்டா?"

"போதும் அக்கா."

சட்டையைத் துடைத்துவிட்டு வெளியே கூட்டிவந்தேன். பெஹாலா பஸ்ஸில் அன்று உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரமாக உட்கார்ந்ததும் அவன் தூங்கிப்போனான். நிறுத்தம் வந்தபோது எழுப்ப வெகுநேரம் ஆனது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார்.